டாகர்ஃபால்: ஒரு பழைய ஆட்டமும் அதன் ஓட்டைகளும்

போன தீபாவளிக்குத் தங்கமணியும் பையனும் முன்னாடியே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆபீஸில் ரிலீஸ் இருந்ததால் நான் மட்டும் புனேயில் மாட்டிக்கொண்டேன். நாலு நாள் தனிமை. அலமாரியில் பல வருடமாகக் கிடந்த எண்பது ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை, அழித்துவிட்டுக் காயலான் கடையில் போடலாம் என்று கணினியில் மாட்டினேன். உள்ளே இருந்தது என் பழைய ரெஸ்யூம் பதினாறு வெர்ஷன், யாருடையதோ கல்யாண ஆல்பம், ஆறு ஜிபிக்கு ராஜா பாட்டு. அதற்கும் கீழே 'டாகர்' என்று ஒரு ஃபோல்டர். அதைப் பார்த்ததும் மிச்சமிருந்த ஆணி பிடுங்கும் எண்ணமும் போய்விட்டது.

டாகர்ஃபால். முழுப்பெயர் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்: சாப்டர் டூ - டாகர்ஃபால்'. 1996-இல் பெதஸ்டா சாஃப்ட்வொர்க்ஸ் வெளியிட்ட ஆட்டம். நீங்கள் ஸ்கைரிம் ஆடியிருந்தால் (யார்தான் ஆடவில்லை?) அதன் கொள்ளுத்தாத்தா இல்லாவிட்டாலும் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். ஆடாதவர்களுக்கு ஒரு வரியில்: நீங்களே ஒரு ஆளை உருவாக்கி, வாளோ மந்திரமோ திருட்டோ கற்றுக்கொடுத்து, ஒரு கற்பனை தேசத்தில் அலையவிடுவது. இந்த வகை ஆட்டங்களில் டாகர்ஃபால் அளவுக்குப் புகழப்பட்டதும் திட்டு வாங்கியதும் குறைவு. 'பக்கர்ஃபால்' என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு.

எனக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்தது 2009-இல். 2009 பொட்டி தட்டும் கூட்டத்துக்கு எப்படிப்பட்ட வருடம் என்று விளக்கத் தேவையில்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் பேங்க் கவிழ்ந்தது. அதன் ஆட்டம் ஹிஞ்சவாடி வரை வந்து சேர ஆறு மாதம் ஆனது, அவ்வளவுதான். வாக்கட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு ஃப்ளாட்டில் இருந்தோம். இரண்டு பேர் பெஞ்சில். எங்களில் மூத்தவரான அண்ணாச்சிக்கு (விருதுநகர்க்காரர், அதனால் எல்லோருக்கும் அண்ணாச்சி) வேலையே போயிருந்தது. அந்த ஜூலையில் பெதஸ்டா, எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசைக்குப் பதினைந்து வருடம் ஆனதைக் கொண்டாட, டாகர்ஃபாலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்து இறக்கினோம். டாஸ்பாக்ஸ் போட்டு ஓட வைப்பதற்குள் விடிந்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று மாதம் அண்ணாச்சி ஆடினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னேன்.

முதலில் இந்த ஆட்டம் எப்படி உருவானது என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டைகள் எங்கிருந்து வந்தன என்பது அதில்தான் இருக்கிறது.

பெதஸ்டா 1986-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிறிஸ்டோபர் வீவர் தொடங்கிய கம்பெனி. ஆரம்பத்தில் போட்டது அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். 1992 வாக்கில் 'அரீனா' என்ற பெயரில் ஒரு மல்யுத்தக் கோதா மாதிரியான ஆட்டத்தில் இறங்கினார்கள். ஊர் ஊராகப் போய், குழுவோடு களத்தில் இறங்கிச் சண்டை போட வேண்டும், நடுநடுவே சின்னச் சின்ன வேலைகள். செய்யச் செய்ய, சண்டையைவிட அந்தச் சின்ன வேலைகள் சுவாரசியமாக இருந்ததால் களத்தையே தூக்கிவிட்டார்கள். ஆனால் விளம்பரமும் அட்டையும் 'அரீனா' என்று தயாராகிவிட்டதே? அந்த தேசமே ரத்தக் களமாக இருப்பதால் மக்கள் அதை அரீனா என்று அழைத்தார்கள் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். இதை மறந்துவிடாதீர்கள். தவறை வரலாறாக மாற்றுவது இந்தக் கம்பெனிக்கு அப்போதே கை வந்த கலை.

1993 கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வர வேண்டிய அரீனா, தவறவிட்டு 1994 மார்ச்சில்தான் வந்தது. முதலில் விற்பனைக்குப் போனது சில ஆயிரம் பிரதிகள்தான். வாய்வழியாகப் பரவி மெல்ல மெல்ல ஓடியது. அதன் தலைமை வடிவமைப்பாளர் விஜய் லக்ஷ்மன் என்பதைப் பார்த்து அண்ணாச்சிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கூடவே டெட் பீட்டர்சன், ஜூலியன் லஃபே. டேனிஷ்காரரான லஃபேதான் இன்றுவரை எல்டர் ஸ்க்ரோல்ஸின் தந்தை என்று சொல்லப்படுபவர். அந்த உலகத்து தெய்வங்களில் ஒருவரான ஜூலியானோஸின் பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

அரீனா முடிந்ததும் அடுத்ததை 'மோர்ன்ஹோல்ட்' என்ற ஊரில் நடத்துவதாகத் திட்டம். பிறகு இலியாக் வளைகுடாவைச் சுற்றிய நாடுகள் என்று மாறியது. அரீனாவில் கண்டம் முழுக்க இருந்தது. இதில் ஒரு மூலை மட்டும்தான். ஆனால் அந்த மூலையை உயிருள்ள அளவுக்குப் பெரிதாகச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். பரப்பளவு ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். தமிழ்நாடு 1,30,000 தான். நாற்பத்துச் சொச்சம் பிரதேசங்கள், ஊர், கோயில், பண்ணை, சுடுகாடு, நிலவறை எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் இடங்கள். ஒரே ஒரு சிடியில்.

இத்தனையையும் மனிதர்கள் உட்கார்ந்து வரைய முடியாது. நிலவறைகளுக்கு முதலில் கையால் சில துண்டுகளைச் செய்துகொண்டார்கள். இங்கே ஒரு படிக்கட்டு, அங்கே ஒரு கிணறு, ஒரு சுரங்கம், ஒரு மண்டபம். பிறகு ஒரு புரோகிராம் அந்தத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி குலுக்கி ஒன்றோடொன்று ஒட்டி ஆயிரக்கணக்கில் நிலவறைகளை உண்டாக்கியது. அதே சமயத்தில் வந்த டியாப்லோவும் குலுக்கல்தான், ஆனால் அது ஒவ்வொரு முறை ஆடும்போதும் புதிதாகக் குலுக்கும். டாகர்ஃபாலில் குலுக்கல் கம்பெனியிலேயே முடிந்து சிடியில் உறைந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் அதே சுரங்கத்தைத்தான் ஓஹையோவில் ஒருவனும் பார்ப்பான். ஆனால் செய்தவர்களே அதில் பெரும்பாலானவற்றுக்குள் ஒருமுறைகூட நுழைந்திருக்க மாட்டார்கள்.

நான் தொழிலில் டெஸ்டர். இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பக்குகளின் ராஜா 'வெற்றுவெளி'. நிலவறையில் இரண்டு துண்டுகள் ஒட்டும் இடத்தில் நடப்பீர்கள், தரை இருக்காது. அப்படியே கறுப்புக்குள் விழுந்துகொண்டே இருப்பீர்கள். மேலே பார்த்தால் நீங்கள் நடந்துவந்த சுரங்கம் தொங்குவது தெரியும். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பேட்ச்சில் ஆல்ட்டையும் எஃப்11-ஐயும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக நின்ற தரைக்குத் திரும்பலாம் என்று ஒரு வசதி கொடுத்தது. ஓட்டையை அடைக்கவில்லை, விழுந்தவனுக்குக் கயிறு கொடுத்தது. எங்கள் தொழிலில் இதற்கு 'ஒர்க்கரவுண்ட்' என்று பெயர். ரிலீஸ் நோட்டில் இப்படி எத்தனையோ கயிறுகளை நானே எழுதியிருக்கிறேன்.

அடுத்தது, வெளியான சமயத்தில் முக்கியக் கதையையே முடிக்க முடியாத கோளாறுகள். தேடச் சொன்ன பொருள் எட்ட முடியாத இடத்தில் கிடக்கும். சேவ் ஃபைல் கெட்டுப்போகும். பேட்ச் மேல் பேட்ச் வந்து கடைசியாக 213 என்ற எண்ணில் நின்றது. இன்று பேட்ச் என்றால் ராத்திரி தூங்கும்போது தானாக இறங்குகிறது. 1996-இல் மோடம் சத்தத்தோடு இறக்க வேண்டும், அல்லது கணினிப் பத்திரிகை கொடுக்கும் சிடிக்குக் காத்திருக்க வேண்டும். இணையமே இல்லாத வீட்டில் காசு கொடுத்து வாங்கியவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஆட்டத்தை ஏன் மூன்று மாதம் ஆடினோம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

தங்கக் காசுக்கு எடை உண்டு. நானூறு காசு ஒரு கிலோ. பணக்காரனானால் நடக்க முடியாது. ஆகவே பேங்க்கில் போட்டுக் காகிதமாக வாங்கிக்கொள்ள வேண்டும், நம் செட்டிநாட்டு உண்டியல் மாதிரி. அதே பேங்க்கில் கடன் வாங்கலாம், வீடு வாங்கலாம், கப்பல்கூட வாங்கலாம். ஒரு பிரதேசத்தில் கடன் வாங்கிக் கட்டாமல் பக்கத்துப் பிரதேசத்துக்கு ஓடிவிட்டால் அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தால்தான் பெயர் கெட்டிருக்கும். திருடி மாட்டினால் கோர்ட். குற்றத்தை ஒத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வாதாடலாம் அல்லது பொய் சொல்லலாம். வாதாடுவதற்கு நாகரிகப் பேச்சில் திறமை வேண்டும், பொய்க்குத் தெருப் பேச்சில். ஊருக்குள் வெட்டவெளியில் படுத்துத் தூங்கினால் அதுவும் குற்றம், காவலர் பிடித்துப் போவார். பூதம், கழுகுப்பெண், வனதேவதை என்று ஒவ்வொரு இனத்தின் மொழியையும் கற்கலாம். நன்றாகப் பேசத் தெரிந்தால் சில சமயம் அவை உங்களை அடிக்காது. (மொழி கற்று உயிர் பிழைத்தவர்களை நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி ஆர்க் மொழி கற்றார், ஆர்க் அடித்தே செத்தார்.)

உருவாக்கும் ஆளுக்குப் பலமும் பலவீனமும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பலவீனம் சேர்த்தால் அதற்கு ஈடாகப் பலம் கிடைக்கும். ஆயுள் முழுக்கத் தொடவே போகாத ஒரு உலோகத்தைத் 'தொடமாட்டேன்' என்று விரதம் எடுத்து, அதற்குப் பதிலாகப் பெரிய பலத்தை வாங்கிக்கொள்ளலாம். நம்மவர்கள் வாழைக்காயை விட்டுவிட்டேன் என்று காசியில் சொல்வது போல. இதுவும் ஓட்டைதான், ஆனால் இந்த ஓட்டையை அடைக்க யாரும் கேட்கவில்லை.

கதைக்கு வருகிறேன். சக்கரவர்த்தி யூரியல் செப்டிம் உங்களை அழைத்து இரண்டு வேலை கொடுக்கிறார். போரில் செத்துப்போன டாகர்ஃபால் அரசன் லைசாண்டஸின் ஆவி ராத்திரியில் தலைநகரத்துத் தெருக்களில் பழிவாங்கச் சொல்லிக் கத்திக்கொண்டு அலைகிறது, அதைச் சாந்தப்படுத்த வேண்டும். தான் அனுப்பிய ஒரு ரகசியக் கடிதம் எங்கோ தவறிவிட்டது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கப்பல் கவிழ்கிறது, குகையில் ஒதுங்குகிறீர்கள், வாசல் இடிந்து மூடிக்கொள்கிறது. அங்கிருந்து ஆட்டம்.

லைசாண்டஸ் செத்த போர், பெட்டனி என்ற தீவுக்காக டாகர்ஃபாலும் சென்டினலும் போட்ட சண்டை. இந்தப் போரைப் பற்றி ஆட்டத்துக்குள்ளேயே இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று இந்தப் பக்கத்தின் வரலாறு, இன்னொன்று அந்தப் பக்கத்தின் வரலாறு. ஒன்றில் வீரன், மற்றதில் துரோகி. எது உண்மை என்று ஆட்டம் சொல்லாது. பள்ளிக்கூடத்தில் மைசூர்ப் போர்களை ஒரே ஒரு பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த எனக்கு இது பெரிய விஷயமாக இருந்தது.

முடிவு இன்னும் விசேஷம். நுமிடியம் என்ற மாபெரும் பித்தளை மனிதனை இயக்கும் சக்தி கடைசியில் உங்கள் கையில் வந்து சேர்கிறது. அதை யாரிடம் கொடுப்பது? சக்கரவர்த்தியிடமா, மூன்று அரசுகளில் ஒன்றுக்கா, ஆர்க்குகளின் தலைவன் கோர்ட்வோக்குக்கா, பிணங்களை எழுப்பும் மன்னிமார்கோவிடமா, இல்லை அந்தச் சக்தியைத் தன் உயிராகவே இழந்து கிடக்கும் 'அண்டர்கிங்' இடமா? ஆறு முடிவுகள் என்பார்கள், ஏழு என்பார்கள், எண்ணும் விதத்தைப் பொறுத்தது. ஒன்றுக்கொன்று முழு முரண்.

அடுத்த ஆட்டம் எடுக்கும்போது பெதஸ்டாவுக்குச் சிக்கல். எந்த முடிவு உண்மையில் நடந்தது? ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றபடி முடித்தவர்கள் கோபிப்பார்கள். அவர்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் சகாப்தம் 417-ஆம் ஆண்டில் காலமே உடைந்தது, எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்தன, ஆர்க்குகளுக்கும் நாடு கிடைத்தது, அண்டர்கிங்கும் செத்தார், நாற்பத்துச் சொச்சம் பிரதேசங்கள் ஒரே ராத்திரியில் நாலு அரசுகளாகச் சுருங்கின என்று எழுதிவிட்டார்கள். 'மேற்கின் மாயத்திருப்பம்' என்று அதற்குப் பெயர். பின்னால் வந்த ஆட்டங்களில் ஆளாளுக்கு ஒரு சாட்சி சொல்லும் புத்தகங்கள் கிடைக்கும். அரீனா அட்டையில் செய்த அதே வேலை. அந்தக் காலத்தில் இதை மழுப்பல் என்று சொல்லி அண்ணாச்சியிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆடியவர்கள் எல்லோரும் உண்மையாகவே ஆடித்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் பொய்யன் என்று சொல்வதைவிட இது தேவலை.

டாகர்ஃபாலுக்குப் பிறகு கம்பெனி சறுக்கியது. 1997-இல் பேட்டில்ஸ்பயர், 1998-இல் ரெட்கார்ட். இரண்டும் ஓடவில்லை, மூடும் நிலை. 1999-இல் ஸெனிமேக்ஸ் என்ற தாய்க் கம்பெனி உருவாகி மூச்சு கொடுத்தது. 2002-இல் மோரோவிண்ட் வந்தது. அதில் நேரெதிர்ப் பாதை. இருபத்தைந்து சதுர கிலோமீட்டர்கூட வராத ஒரு தீவு, ஒவ்வொரு கல்லையும் கையால் வைத்தார்கள். ஜெயித்தது. 2006-இல் ஆப்லிவியன், 2011-இல் ஸ்கைரிம். 1,60,000 எங்கே, 25 எங்கே? சுருக்கியதால் பிழைத்தார்கள். 2023-இல் ஸ்டார்ஃபீல்டில் ஆயிரம் கிரகம் என்று மறுபடி குலுக்கலை நம்பி இறங்கியபோது கேட்ட புகார்கள் அனைத்தும் (வெறிச்சென்று கிடக்கிறது, எங்கே போனாலும் அதே கட்டடம்) டாகர்ஃபாலுக்கு இருபத்தேழு வருடம் முன்பே எழுதப்பட்டவைதான்.

சுருங்கும்போது இன்னொன்றும் போனது. டாகர்ஃபாலில் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் கெடு உண்டு. இத்தனை நாளுக்குள் முடி, இல்லையென்றால் முடிந்தது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகவே நாள் கணக்கில் கழியும். கில்டில் பயிற்சி எடுத்தால் நேரம் கழியும். காயம் ஆறப் படுத்தால் நேரம் கழியும். மோரோவிண்டில் உங்களுக்கு வேலை கொடுக்க வேண்டிய கையஸ் கொசேடஸ், போய் அனுபவம் சம்பாதித்துவிட்டு வா என்று அவரே அனுப்பிவைப்பார். ஆப்லிவியனில் நரகத்தின் வாசல் ஊர் எல்லையில் திறந்து கிடக்கும், நீங்கள் இரண்டு வருடம் மூலிகை பறித்துவிட்டுத் திரும்பினாலும் அப்படியே காத்திருக்கும். கெடு வைத்தது பழைய ஆட்டத்தின் குறை என்றே விமரிசகர்கள் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரி, தீபாவளிக்கு வருவோம். இப்போது டாகர்ஃபாலை ஆட டாஸ்பாக்ஸ் தேவையில்லை. இன்டர்கர்மா என்ற பெயரில் இயங்கும் ரசிகர் ஒருவர் பல வருடம் உழைத்து, யூனிட்டி என்ஜினில் மொத்த ஆட்டத்தையும் மறுபடி கட்டினார். கூடப் பலர் சேர்ந்தார்கள். 'டாகர்ஃபால் யூனிட்டி' 1.0 பதிப்பு 2023 கடைசியில் வந்தது. கம்பெனி செய்யாததைக் காசு வாங்காத ஆட்கள் செய்திருக்கிறார்கள். தரை தரையாக இருக்கிறது. நான் முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஆடினேன், ஒருமுறைகூட வெற்றுவெளியில் விழவில்லை.

விழாததால்தான் ஒன்று தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எரிச்சலுக்கும் பக் என்று பெயர் வைத்தோம். இப்போது பக் இல்லை, எரிச்சல் அப்படியே இருக்கிறது. நிலவறை அறிவில்லாமல் பெரியது. இரண்டு மணி நேரம் சுற்றி ஒரு மம்மியைத் தேடும்போது பிழை எங்கேயும் இல்லை, அதுதான் ஆட்டம். (யூனிட்டியில் 'சின்ன நிலவறை' என்றே ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். வெட்கப்படாமல் போட்டுக்கொண்டேன்.) அந்த முப்பரிமாண வரைபடத்தைப் புரிந்துகொள்ள இன்றும் என்னால் முடியவில்லை. ஊர்களுக்கு நடுவே குதிரையில் போனால் மரம், மரம், மரம். ஒரு கிராமத்து ஆளிடம் பேசினாலும் நாற்பதாவது கிராமத்து ஆளிடம் பேசினாலும் அதே வாக்கியம். ஏழரை லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட தேசத்தில் பேசத் தகுந்தவர்கள் ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடத் தேறமாட்டார்கள். இதை எந்தப் பேட்ச்சாலும் சரிசெய்ய முடியாது.

ஆனாலும் புது ஊரில் நுழைந்து, போகிற வருகிறவனிடமெல்லாம் சத்திரம் எங்கே என்று கேட்டு, பாதிப் பேர் முகம் திருப்பிப் போக, யாரோ ஒருத்தர் வரைபடத்தில் குறித்துக் கொடுக்கும்போது வருகிற நிம்மதி, கையால் செய்த அழகான சின்ன உலகங்களில் எனக்கு வந்ததில்லை. 2006-இல் புனே ஸ்டேஷனில் இறங்கிய அன்று எனக்கு மராத்தியும் தெரியாது, ஹிந்தியும் சுமார். அவ்வளவு தான் சொல்ல முடியும்.

ஜூலியன் லஃபே 2025 ஜூலையில் புற்றுநோயால் காலமானார். பீட்டர்சனோடும் லக்ஷ்மனோடும் சேர்ந்து 'தி வேவர்ட் ரெல்ம்ஸ்' என்று டாகர்ஃபாலின் வழியிலேயே இன்னொரு பிரம்மாண்டத்தைச் செய்துகொண்டிருந்தார். முப்பது வருடம் கழித்தும் அந்த மனிதர் சுருங்கச் சம்மதிக்கவில்லை.

இனி அண்ணாச்சி கதை. 2009-இல் ஆட்டம் தொடங்கிய சில நாளில் பிரிசியன்னா சீமாட்டி என்பவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சக்கரவர்த்தியின் ஆள். இந்த ஊரில் இந்தச் சத்திரத்தில் வந்து பார் என்று. 'லெவல் ஏறிட்டுப் போய்க்கலாம்டா, இப்ப போனா அடிச்சே கொன்னுருவானுக' என்றார் அண்ணாச்சி. எனக்கும் அது சரியாகவே பட்டது. கில்டில் சேர்ந்தார், பயிற்சி எடுத்தார், சில்லறை வேலை பார்த்தார், கடன் வாங்கிக் கப்பல் வாங்கினார். பகலில் அவருக்கு வேலை தேடும் வேலை, அதாவது ஒரு சர்டிஃபிகேஷனுக்குப் படிப்பது. அது முடிந்ததும் அப்ளை பண்ணலாம் என்றிருந்தார். ராத்திரி இது. கடைசியாக நல்ல கவசம், நல்ல வாளோடு அந்தச் சத்திரத்துக்குப் போனபோது அங்கே யாருமில்லை. மாடி, ரூம், கொல்லை என்று எல்லா இடமும் தேடினோம். நாலு முறை வெளியே போய்த் திரும்பி வந்து பார்த்தோம். பக்கர்ஃபால் என்று பெயர் வாங்கிய ஆட்டம் அல்லவா, இதுவும் பக் என்று முடிவு கட்டினோம். அண்ணாச்சி லேப்டாப்பை மூடினார். அடுத்த மாதம் விருதுநகருக்குப் போனவர் திரும்பவில்லை, அப்பாவின் பருப்புக் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

யூனிட்டி பதிப்பில் ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்க வேண்டும் என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கிறது. திறந்தால் படிக்கலாம். டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? படித்தேன். அந்த அம்மாவின் அழைப்புக்கும் கெடு இருக்கிறது. கடந்துவிட்டால் முக்கியக் கதை அத்தோடு மூடிக்கொள்ளும். ஆட்டம் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். கில்டு இருக்கும், பேங்க் இருக்கும், கப்பல் இருக்கும். பதினாறு வருடமாக நான் பலருக்குச் சொல்லிவந்த பக் கதை பக்கே இல்லை.

சொல்வதா வேண்டாமா என்று ஒருநாள் யோசித்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். தீபாவளி வாழ்த்து, பிள்ளைகள் படிப்பு, துவரம்பருப்பு விலை எல்லாம் பேசி முடித்தபின் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, டாகர்ஃபால் ஞாபகம் இருக்கா? அந்தச் சத்திரத்துல ஆளே இல்லாமப் போச்சே, அது பக் இல்லையாம். நாமதான் லேட்டாப் போயிருக்கோம்."

கொஞ்ச நேரம் பின்னணியில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப அந்தம்மா வந்து உக்காந்து பாத்துட்டுத்தான் போயிருக்கு?"

"ஆமாண்ணாச்சி."

"எந்த ஊருடா அது? பேரு மறந்துபோச்சு."

பழைய சேவ் ஃபைல் அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தது, கடிதமும் அவர் ஆளின் மூட்டைக்குள் அப்படியே இருந்தது. இருங்க அண்ணாச்சி என்று சொல்லி, டாஸ்பாக்ஸை ஓடவிட்டு, கடிதத்தைத் திறந்து ஊர்ப் பெயரைப் படித்துச் சொன்னேன்.